'செயின் திருடு போச்சு'ன்னு மொட்டையா எழுதாதீங்க: திருட்டு, பறிப்பு, கொள்ளை விஷயத்துல நாம பண்ற தப்புங்க

போன வருஷம் எங்க அத்தை காலையில அஞ்சரை மணிக்கு வாசல்ல கோலம் போட்டுட்டு இருந்தாங்க, பைக்ல ரெண்டு பேர் வந்தானுங்க, பின்னாடி இருந்தவன் இறங்கி அட்ரஸ் கேக்குற மாதிரி குனிஞ்சு செயினை இழுத்தான், அத்தை விடாம ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாங்க, அவன் வயித்துல ஒரு உதை விட்டு அறுத்துட்டு போயிட்டான். மூணு பவுன்ல பாதி அவன் கையில, மீதி அத்தை கையில. கழுத்துல சிவப்பா ஒரு கோடு.

மாமா ஸ்டேஷன் வாசல்ல உக்காந்து எழுதுன புகார் மொத்தமே ரெண்டு வரி. "என் மனைவியின் மூன்று பவுன் செயின் திருடு போய்விட்டது, கண்டுபிடித்துத் தரவும்." உதை இல்ல, காயம் இல்ல, பைக் இல்ல. போனதே ஒன்றரை பவுன்தான், அதுவும் தப்பு. நல்லவேளை கொடுக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுனார். நான் கோர்ட்டு பக்கம் சுத்துற ஆளு, அந்த ரெண்டு வரியைப் பார்த்ததும் பகீர்னு ஆயிடுச்சு.

ஏன்னா சட்டத்துல திருட்டு வேற, கொள்ளை வேற. நாம பேச்சுல எல்லாத்தையும் கலந்துகட்டி சொல்றோம், ஆஸ்பத்திரி பில்லைக்கூட பகல் கொள்ளைங்குறோம். சட்டம் அப்படிப் பாக்காது. ஐபிசிங்குற பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த புது சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா, அதோட 309வது பிரிவு (ஐபிசியில 390) சொல்றது இதுதான்: திருடுறதுக்காகவோ, திருடுனதை தூக்கிட்டுப் போறதுக்காகவோ ஒருத்தரை அடிச்சா, காயப்படுத்துனா, போகவிடாம தடுத்தா, இல்ல இப்பவே அடிபடுவோம் இப்பவே உயிர் போயிடும்னு பயத்தை உண்டாக்குனா, அந்தத் திருட்டு கொள்ளையா மாறிடும். அப்படிச் செய்ய முயற்சி பண்ணாலே போதும்.

இதுல பணம் எவ்வளவுங்குற பேச்சே வரலை பாருங்க. எல்லாரும் பண்ற முதல் தப்பு அதுதான், தொகை பெருசா இருந்தா கொள்ளை, சின்னதா இருந்தா திருட்டுன்னு நினைக்குறது. 2016 ஆகஸ்ட்ல சேலத்துல இருந்து சென்னை எழும்பூர் வந்த எக்ஸ்பிரஸ்ல ரிசர்வ் வங்கிக்குப் போற பழைய நோட்டு இருந்த பெட்டியோட கூரையை வெட்டி ஓட்டை போட்டு அஞ்சு கோடிக்கு மேல எடுத்துட்டாங்க, எல்லா பேப்பரும் 'ரயில் கொள்ளை'ன்னுதான் போட்டுச்சு. ஆனா யாரையும் தொடலை, யாரையும் மிரட்டலை, காவலுக்கு வந்த போலீசுக்கே சென்னை வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். இந்த விளக்கப்படி பார்த்தா அது திருட்டுதான். 2019ல திருச்சி நகைக்கடை சுவத்துல துளை போட்டு மிருக முகமூடி மாட்டிக்கிட்டு உள்ள போனாங்களே, அதுவும் ராத்திரி பூட்டுன கடைக்குள்ள புகுந்து திருடுன கேஸ். ஆனா டாஸ்மாக் சந்துல ஒருத்தன் கத்தியைக் காட்டி உங்க பாக்கெட்ல இருந்த அம்பது ரூபாயை எடுத்தான்னா அது கொள்ளை, பத்து வருஷம் வரைக்கும் கடுங்காவல். நெடுஞ்சாலையில பொழுது சாஞ்சதுல இருந்து விடியுறதுக்குள்ள நடந்தா 14 வருஷம் வரைக்கும் போகும்.

அடுத்து செயின் பறிப்பு. புது சட்டத்துல 304னு இதுக்குன்னே ஒரு பிரிவு வந்துருக்கு, முன்னாடி இது கிடையாது. திடீர்னு, வேகமா, பலவந்தமா புடுங்கிட்டுப் போறது. அதிகபட்சம் 3 வருஷம். சாதா திருட்டுக்கும் அதே 3 வருஷம்தான், அப்புறம் எதுக்கு தனிப் பிரிவுன்னு எனக்கு இன்னும் புரியல, அது கிடக்கட்டும். அத்தை கேஸ்ல உதை இருக்கு, கழுத்துல காயம் இருக்கு. அது புகார்ல இருந்தா 309(6) வரைக்கும் போகும், ஆயுள் இல்லன்னா பத்து வருஷம் வரைக்கும். மாமாவோட ரெண்டு வரியில அது வெறும் 3 வருஷக் கேஸ். இன்னொண்ணு, 3 வருஷத்துல இருந்து 7 வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றம்னா, டிஎஸ்பி அனுமதியோட எஃப்ஐஆர் போடுறதுக்கு முன்னாடி 14 நாள் முதற்கட்ட விசாரணை பண்ணிக்கலாம்னு புது நடைமுறைச் சட்டம் சொல்லுது. கொள்ளைக்கு அந்தச் சலுகை இல்ல, உடனே எஃப்ஐஆர் போட்டாகணும். புகாரை வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல கொடுக்குற சிஎஸ்ஆர் ரசீதை வாங்கிட்டு எஃப்ஐஆர் ஆயிடுச்சுன்னு நிம்மதியா வீட்டுக்கு வர்ற ஆளுங்க நிறைய. அது வேற, இது வேற. எஃப்ஐஆர் காப்பியை இலவசமா கொடுக்கணும், கேட்டு வாங்குங்க.

'இப்பவே'ங்குற வார்த்தையில நிறைய பேர் வழுக்குவாங்க. சட்டத்துலயே உதாரணம் இருக்கு. மலைப்பாதையில ஒருத்தன் உங்க குழந்தையைத் தூக்கிப் புடிச்சு பர்ஸை கொடு இல்லன்னா பள்ளத்துல போட்டுருவேன்னா அது கொள்ளை. உன் குழந்தை எங்க ஆளுங்ககிட்ட இருக்கு, பணம் அனுப்பலைன்னா கொன்னுடுவோம்னு சொல்லி வாங்குனா அது மிரட்டிப் பணம் பறிக்கிறது, அந்த நிமிஷமே உயிர் போகும்னு பயம் இருந்தாத்தான் கொள்ளை. அதனால போட்டோவை நெட்ல போட்டுருவேன்னு சொல்லி ஜிபேல காசு கறக்குறவன் மேல கொள்ளைக் கேஸ் போடலையேன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சண்டை போடாதீங்க, அது 308, மிரட்டிப் பணம் பறிக்கிறதுக்கான பிரிவு.

அடிச்சான்ங்குறதுக்காக எல்லாம் கொள்ளையும் ஆகாது. எதுக்கு அடிச்சான்? செயினோட ஓடும்போது தடுத்தவரை அறைஞ்சா கொள்ளை. மாட்டிக்கிட்டோம்னு செயினை கீழ போட்டுட்டு தப்பிச்சா போதும்னு கல்லை விட்டு எறிஞ்சா, திருட்டு ஒரு குற்றம், காயம் தனிக் குற்றம். அதனால நடந்ததை வரிசையா எழுதுங்க, பொருள் அப்போ யார் கையில இருந்துச்சுன்னு சேர்த்து எழுதுங்க.

இப்ப நம்ம தமிழாலயே வர்ற ரெண்டு வம்பு. ஒண்ணு, "நாலஞ்சு பேர் வந்தாங்க". நாம சும்மா வாய்க்கு வந்த மாதிரி சொல்ற வார்த்தை, ஆனா சட்டத்தோட கோடு சரியா அந்த நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுலதான் ஓடுது. நாலு பேர் வரைக்கும் கொள்ளை, அஞ்சு பேர் ஆயிட்டா கூட்டுக்கொள்ளை, 310, ஆயுள் வரைக்கும். தெருமுனையில பைக்கை ஆஃப் பண்ணாம காத்துக்கிட்டு இருந்து உதவி பண்ணவனும் கணக்குல வருவான். எத்தனை பேர்னு நிதானமா யோசிச்சு எழுதுங்க, தெரியலைன்னா நான் பார்த்தது மூணு பேர்னு எழுதுங்க, நாலஞ்சு வேணாம்.

ரெண்டாவது, "கத்தியைக் காட்டி மிரட்டினார்கள்". யாரு காட்டுனா? கொள்ளையில பயங்கர ஆயுதத்தைப் பயன்படுத்துனவனுக்கு குறைஞ்சது 7 வருஷம், பழைய 397, இப்ப 311. குத்தணும்னுகூட இல்ல, பயமுறுத்துற மாதிரி வெளியில தெரிய வச்சிருந்தாலே பயன்படுத்துனதுதான்னு டெல்லி பெட்ரோல் பங்க் வழக்கு ஒண்ணுல 1975லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா அந்த 7 வருஷம் ஆயுதத்தை வச்சிருந்தவனுக்கு மட்டும்தான், கூட நின்னவனுக்கு ஒட்டாது. நீங்க 'னார்கள்'னு முடிச்சீங்கன்னா கத்தி யார் கையிலயும் இல்லாம போயிடும். கறுப்புச் சட்டை போட்ட ஒல்லியான ஆளுன்னு எழுதுங்க.

இதையெல்லாம் அப்புறம் சேர்த்துக்கலாம்னு விடக்கூடாது. முதல் புகார்ல இல்லாத உதை கோர்ட்டுல வந்தா, குறுக்கு விசாரணையில வக்கீல் அதையே புடிச்சுத் தொங்குவார். சின்னக் கீறலா இருந்தாலும் அன்னிக்கே ஜிஹெச் போய் டூட்டி டாக்டர்கிட்ட எப்படி ஆச்சுன்னு சொல்லி, காயத்தை டாக்டர் பதிவு பண்ற ஏஆர் காப்பியில ஏத்திடுங்க. கீழ விழுந்துட்டேன்னு வெக்கப்பட்டு சொன்னா அதுவும் பேப்பர்ல நிக்கும்.

ஆள் சிக்கிட்டான்னா சிசிடிவி போட்டோவை தெரு வாட்ஸ்அப் குரூப்ல சுத்த விட்டு "அத்தை இவன்தானே"ன்னு காட்டாதீங்க. ஜெயில்ல மாஜிஸ்ட்ரேட் வச்சு, பல பேரை வரிசையா நிறுத்தி ஆளை அடையாளம் காட்டச் சொல்ற அடையாள அணிவகுப்புக்கு அப்புறம் மதிப்பு இருக்காது. தர்ம அடியும் அப்படித்தான். கொள்ளை நடக்கும்போது தற்காப்புக்கு அடிக்க சட்டமே பெரிய உரிமை கொடுத்துருக்கு, புடிச்சு கம்பத்துல கட்டுனதுக்கு அப்புறம் அடிச்சா அடிச்சவங்க மேலதான் கேஸ்.

2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த சம்பவம்னா ஐபிசி நம்பர்தான், அதுல குழப்பிக்காதீங்க.

அத்தை கேஸ்ல புகாரை ஒன்றரைப் பக்கமா மாத்தி எழுதினோம், 309 போட்டாங்க. அத்தை கையில மிஞ்சின பாதிச் செயினையும் சாட்சியம்னு மகஜர் (பொருளைக் கைப்பற்றுனதுக்கான எழுத்துப் பதிவு) போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. கோர்ட்டுல மனு போட்டா திரும்ப வாங்கலாம், அதுக்கு வாங்குன பில்லு வேணும், மாமா அதைத்தான் ஒரு மாசமா பீரோவுல தேடிட்டு இருக்கார்.