மோசின் நாகாந்த் துப்பாக்கியில் சீரமைப்பு முத்திரைகளை அறிதல்

மோசின் நாகாந்த் என்பது ரஷ்யப் படையின் பழைய நீள்துப்பாக்கி. முதலில் அதன் குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் சோவியத் கால ரகமான 91/30 துப்பாக்கியின் குழலடியில் ஆலை முத்திரையும், ஆண்டும், வரிசை எண்ணும் இருக்கும்; விண்மீனுக்குள் அம்பு இருந்தால் துலா ஆலை, முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க் ஆலை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைக்கலச் சாலைகளில் பழுதுபார்க்கப்பட்டவற்றில் பல, குறுக்குக்கோடு இழுத்த சிறு சதுரத்தைத் தாங்கியிருக்கும்; அதுதான் சீரமைப்பு முத்திரை.

அடுத்து பூட்டுத்தண்டு (தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் உறுப்பு), தோட்டாப்பெட்டியின் அடித்தகடு, கட்டையின் பின்தகடு ஆகியவற்றின் எண்களைக் குழலடி எண்ணோடு ஒப்பிட வேண்டும். நான்கும் ஒத்திருப்பதால் மட்டும் அவை ஒன்றாகவே ஆலையைவிட்டு வந்தவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உருப்பெருக்கியை வைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் பூட்டுத்தண்டைப் பாருங்கள்: பழைய எண்ணை ஒரு கோட்டால் அடித்துவிட்டு அருகில் புதிதாகப் பொறித்திருப்பதோ, தேய்த்து எடுத்த இடம் லேசாகக் குழிந்திருப்பதோ, அச்சுக்குப் பதில் மின்சாரத்தால் இயங்கும் எழுத்துமுனையால் கீறிய மெல்லிய இலக்கங்களோ தெரிந்தால், அந்த உறுப்பு சீரமைப்பின்போது சேர்ந்தது.

கட்டைமேல் பூசிய சிவந்த அரக்கு மெருகும் துணைச்சான்றுதான். அதைச் சுரண்டாதீர்கள், அதுவும் துப்பாக்கியின் வரலாறே.