முதல் இணையதளம்: முதலில் ஒரு பக்கம், ஐந்து பேர், கருவி அப்புறம்

சொந்தமாக ஓர் இணையதளம் வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "வேர்ட்பிரஸ் நல்லதா, பிளாக்கர் நல்லதா?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். தளத்தில் என்ன இருக்கப்போகிறது, பார்ப்பவர் எங்கே தடுமாறுகிறார் என்று தெரிந்துவிட்டால், எந்தக் கருவி வேண்டும் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். இதை நான் தலைகீழாகச் செய்து பல வாரங்களை இழந்தேன். அதனால்தான் இந்த வரிசையை வற்புறுத்துகிறேன்.

படி 1: தாளில் எழுதுங்கள்

நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், காட்டுவதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள், உங்களை எப்படித் தொடர்புகொள்வது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும். நான் மொழிபெயர்ப்பு வேலைக்காகத் தளம் தொடங்கினேன். என் தாளில் இருந்தவை பெயர், ஓர் அறிமுக வரி, மூன்று மாதிரிப் பக்கங்கள், தொலைபேசி எண். முதல் தளத்துக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

படி 2: ஒரே ஒரு பக்கம் போடுங்கள்

இது வெள்ளோட்டம்தான், பணம் செலவழிக்க வேண்டாம். கூகுள் கணக்கு இருந்தால் அவர்களுடைய இலவசத் தளக் கருவியான கூகுள் சைட்ஸில் ஒரு மாலையில் பக்கம் தயாராகிவிடும். இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், ஒரே ஒரு கோப்பை எழுதி, பக்கங்களுக்கு இணையத்தில் இடம் தரும் நியோசிட்டீஸில் ஏற்றுங்கள், அதுவும் இலவசம்.

தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருப்பவற்றை அப்படியே ஒட்டாதீர்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருப்பதால் உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். அடுத்தவர் போனில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். முதலில் யுனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியாக்கத்துக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்துரு மாற்றிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

படி 3: காட்டுங்கள், பேசாமல் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும்.

என் பக்கத்தை முதலில் சித்தப்பாவிடம் காட்டினேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. நம் மீது பாசம் உள்ளவர்களிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் வேறு பதில் வராது.

மறுநாள் வேறு மாதிரி கேட்டேன். "சித்தப்பா, இந்தப் பக்கத்துல என் நம்பர் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க." அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். இரண்டு விரலால் திரையை விரித்தார், எழுத்து பெரிதானது, வரி திரைக்கு வெளியே ஓடியது. பக்கவாட்டில் இழுத்தார், இடம் தவறியது, மறுபடி சுருக்கினார். நம்பரைக் கண்டுபிடிக்கவே இல்லை. காரணம், நான் எழுதிய கோப்பில் வியூபோர்ட் வரி இல்லை, அதாவது பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு ஏற்ப அமைக்கும்படி உலாவியிடம் சொல்லும் வரி. அது இல்லாவிட்டால் போன் உலாவி, பக்கம் கணினித் திரைக்கானது என்று எடுத்துக்கொண்டு, பொதுவாக 980 பிக்சல் அகலத்தில் அமைத்து மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும். ஒரே ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. சித்தப்பாவின் அந்த இரண்டு விரல்கள் காட்டாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

அதனால் கருத்துக் கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். மூன்று வேலை போதும்:

- பக்கத்தை ஐந்து விநாடி காட்டி மூடிவிட்டு, "இது யாரோட பக்கம், அவர் என்ன பண்றார்?"
- "இவர் செஞ்ச வேலை ஒண்ணைத் திறந்து பாருங்க."
- "இவர்கிட்ட பேசணும்னா என்ன பண்ணுவீங்க?"

அவர்களுடைய போனிலேயே பார்க்கச் சொல்லுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தேடிக்கொண்டிருக்கும்போது "அது கீழே இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாய் துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாளை முன்பின் தெரியாத ஒருவர் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. யார், எந்த போன், எங்கே தடுமாறி நின்றார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பேர் போதும். பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000-இல் இதைக் கணக்கிட்டே எழுதினார்: ஐந்து பேரிடம் சோதித்தால் சுமார் 85 விழுக்காடு குறைகள் தெரிந்துவிடும். அந்த ஐவரில் வயதானவர் ஒருவரும், உங்கள் தொழிலைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரும் இருக்கட்டும்.

படி 4: எதைத் திருத்துவது?

இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றால் அதைத் திருத்துங்கள். "நீலம் வைக்கலாமே" என்பது ரசனை. நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடலாம். ஆனால் "எழுத்து மங்கலா இருக்கு" என்றால் அது ரசனை இல்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல். குரோம் உலாவியில் உள்ள லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி இதைச் சோதித்துச் சொல்லும்.

தமிழ்ப் பக்கங்களில் நான் அடிக்கடி பார்க்கும் குறை, வரிகள் நெருக்கியடித்து நிற்பது. கீ, து போன்ற எழுத்துகளின் வளைவுகள் மேலும் கீழும் நீள்வதால், வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.6 மடங்காவது வையுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டில் ஒன்றை எடுங்கள். இரண்டுமே இலவசம், தலைப்புக்குத் தேவையான தடித்த வடிவமும் உண்டு. மீரா இனிமை என்ற எழுத்துருவும் அழகானதுதான், ஆனால் கூகுளின் எழுத்துருத் தொகுப்பான கூகுள் ஃபான்ட்ஸில் அதற்கு ஒரே தடிமன்தான்.

பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றார்களா? பெரும்பாலும் படங்கள்தான் காரணம். போனில் எடுத்த படம் பல எம்பி இருக்கும். உலாவியிலேயே இயங்கும் ஸ்கூஷ் கருவியில் அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்துச் சேமித்தால் அதில் சிறு பங்குதான் மிஞ்சும்.

படி 5: இப்போது கருவி

வாரம் ஒன்றாவது எழுதிப் போடுவீர்களா? பிளாக்கர் எடுங்கள். இலவசம், சொந்த இணைய முகவரியையும் (டொமைன்) இணைத்துக்கொள்ளலாம். மாதிரிகள், வகைகள், படிவம் என்று தளம் விரியும் என்றால் வேர்ட்பிரஸ். இதில் இரண்டு உண்டு: டாட் காம் என்பது அவர்களே இடம் தந்து நடத்துவது, டாட் ஓஆர்ஜியில் கிடைப்பது மென்பொருள், இடத்தையும் பராமரிப்பையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். வருடத்துக்கு இரண்டு முறை மாறும் நான்கைந்து பக்கம், கோப்போடு பழகத் தயக்கமில்லை என்றால், நீங்கள் எழுதிய கோப்புகளையே தளமாகக் காட்டும் கிட்ஹப் பேஜஸ் அருமையானது. நான் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தேன்.

எதை எடுத்தாலும், எழுதியதை மொத்தமாக வெளியே எடுக்கும் வழி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். லட்சக்கணக்கானவர்களின் முதல் வீட்டுப்பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸை 2009-இல் யாஹூ மூடியது. தனிப் பிரதி வைத்திருந்தவர்களுக்கு, எழுதியது கையில் பத்திரமாக இருந்தது.

சொந்த முகவரியை இதற்குப் பிறகு வாங்கினால் போதும். முதல் வருட விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். புதுப்பிக்கும் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தளம் புதுக் கருவிக்கு மாறியதும் அதே மூன்று வேலைகளை மறுபடி கொடுங்கள், இந்த முறை வேறு ஆட்களிடம். சித்தப்பாவுக்கு இப்போது நம்பர் இருக்கும் இடம் மனப்பாடம்.