தினக்கூலி இரண்டு வெள்ளி: பழகிய மாயாஜால உலகைக் கரடுமுரடாக்குவது எப்படி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் ரோல்பிளே ஆட்டத்தில், பழகிய ஃபேன்டஸி உலகத்தைக் கரடுமுரடாக்க நினைக்கும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) பெரும்பாலும் ரத்தத்தில் கைவைக்கிறார். ஊர் எரியும், ராஜா சாவார், வழியெல்லாம் பிணம் கிடக்கும். இரண்டு செஷனில் (ஆட்ட அமர்வில்) அது சலித்துவிடும். வர்ணனைதான் கூடியிருக்கிறது, ஆபத்து கூடவில்லை என்பது ஆடுபவர்களுக்குப் புரிந்துவிடும். வரைபடத்தை அப்படியே விடுங்கள். தெரிந்த ஊர், தெரிந்த கடவுள், தெரிந்த விடுதி எல்லாம் இருக்கட்டும். மாற வேண்டியது ஒன்றுதான்: எதுவும் இலவசமாகக் கிடைக்கக் கூடாது.

அதற்கான அளவுகோல் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை எடுத்துக்கொள்வோம். திறன் தேவைப்படாத வேலைக்கு நாள் கூலி 2 வெள்ளிக்காசு. ஏழை வாழ்க்கையின் ஒரு நாள் செலவும் அதே 2 வெள்ளி. கையில் ஒரு செப்புக்காசு மிஞ்சாது. பொன்காசு ஒன்றுக்கு 10 வெள்ளி என்ற கணக்கில் விலைப்பட்டியலை மறுபடி படியுங்கள். காயம் ஆற்றும் ஹீலிங் போஷன் 50 பொன், கூலிக்காரருக்கு 250 நாள் உழைப்பு. 15 பொன் விலையுள்ள நீள்வாள் 75 நாள். 1,500 பொன் விலையுள்ள பிளேட் கவசத்துக்கு இருபது ஆண்டு போதாது. அந்தக் கவசத்தோடு ஒருவர் கிராமத்துக்குள் நுழைந்தால், ஊர் அவரை என்ன கண்ணோடு பார்க்கும் என்று யோசியுங்கள். கதவுகள் சாத்தப்படும், இல்லையென்றால் யாராவது காலில் விழுவார்கள்.

இந்தக் கணக்கை ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். இந்த ஆட்டத்தின் கற்பனை நகரமான வாட்டர்டீப்பில் உள்ள யானிங் போர்ட்டல் விடுதி பலருக்குத் தெரிந்ததுதான். தரை நடுவே பெரிய கிணறு, அதன் அடியில் அண்டர்மவுண்டன் என்ற ஆபத்தான பாதாளம். கயிற்றில் இறக்கிவிட ஒரு பொன், மேலே ஏற்ற இன்னொரு பொன். வழக்கமான ஆட்டத்தில் அது ஒரு வேடிக்கை. கூலிக் கணக்கில் பார்த்தால் போய்வர 10 நாள் சம்பளம். அப்படியானால் இறங்குவது யார்? கடன்காரனுக்குப் பயந்தவர், கூலிக்கு விளக்குப் பிடிக்கப் போகிறவர், பிள்ளையைத் தேடிப் போகிறவர். கயிறு இழுப்பவருக்கு நாளைக்கு 2 வெள்ளிதான். கீழேயிருந்து குரல் கேட்கிறது, ஆனால் மேலே வரக் கொடுக்கக் காசு இல்லை. கயிறு இழுப்பவர் என்ன செய்வார்? விளிம்பை ஒட்டிய மேசையில் தினமும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், எதுவும் வாங்குவதில்லை, அவளை யாரும் எழுப்புவதும் இல்லை. இவ்வளவு போதும். விடுதியில் ஒரு நாற்காலியைக்கூட நாம் மாற்றவில்லை.

உங்கள் உலகத்தில் மூன்று இடங்களை எடுத்து இதையே செய்யுங்கள். உழைப்பது யார், கூலி கொடுப்பது யார், கொடுக்க முடியாதவருக்கு என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் மூன்றே வரி எழுதினால் போதும். முழு உலகத்தையும் திருத்தி எழுத உட்கார்ந்தால் ஆட்டம் தொடங்கவே தொடங்காது.

அடுத்தது சாவு. இறந்தவரை உயிர்ப்பிக்கும் ரிவிவிஃபை ஸ்பெல்லுக்கு (மந்திரத்துக்கு) 300 பொன் மதிப்புள்ள வைரங்கள் தேவை, இறந்து ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும். அதே வகை ஸ்பெல்லான ரெய்ஸ் டெட்டுக்கு 500 பொன் வைரம், இறந்து பத்து நாளுக்குள். இவற்றைத் தடை செய்யாதீர்கள். தடை செய்தால் அது விதி மாற்றம் மட்டுமே. வைரத்தைத் தட்டுப்பாடாக்கினால் அங்கே அரசியல் பிறக்கும். நகரத்தில் மொத்தம் நான்கு வைரம்தான், நான்கும் கோயில் பெட்டகத்தில், யாருக்கு ஒதுக்குவது என்ற பட்டியல் தலைமைப் பூசாரியிடம். பணம் இருந்தும் கிடைக்காது என்றால், ஆடுபவர்கள் பூசாரிக்குக் கடன்படுவார்கள். அடுத்த நான்கு செஷனுக்கான கதை அதிலேயே கிடைத்துவிடும்.

பலர் தடுக்கி விழுவது, இழந்த பலமும் ஸ்பெல்லும் திரும்பக் கிடைக்கும் ஓய்வு விதியில். டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் ஒரு மாற்று விதி உண்டு: ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் (முழு ஓய்வு) 7 நாள். இதை மட்டும் சேர்த்துவிட்டுப் பழைய பன்னிரண்டு அறை டன்ஜனையே (அரக்கர் நிறைந்த நிலவறைகளையே) கொடுத்தால், பார்ட்டி (ஆடுபவர்களின் குழு) நான்காவது அறையிலேயே செத்துவிடும். ஒரு நாளைக்கு என்று வகுத்த ஆறு முதல் எட்டு மோதல்களை ஒரு வாரத்துக்குப் பரப்புங்கள், டன்ஜனை ஐந்து அறைக்குள் அடக்குங்கள்.

இன்னும் இரண்டு சிக்கல் வரும். மேஜ் ஆர்மர் என்ற பாதுகாப்பு ஸ்பெல் நீடிப்பது 8 மணி நேரம்தான், லாங் ரெஸ்டில், அதாவது வாரம் ஒருமுறை ஸ்பெல் திரும்பும் விஸார்டுக்கு (மந்திரவாதிக்கு) அது வீண். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் ஸ்பெல்களின் காலத்தை ஐந்து மடங்காக்கினால் சரியாகும். வேற்றுச் சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெறும் வார்லாக் விஷயம் நேர் எதிர். ஷார்ட் ரெஸ்டிலேயே ஸ்பெல் திரும்புவதால், ஐந்தாம் லெவல் வார்லாக் இரவுக்கு இரண்டாக வாரத்துக்கு 14 பெறுவார். விஸார்டுக்கு அடிப்படையில் 9 மட்டுமே. எனவே கூரை, நெருப்பு, சாப்பாடு, காவல் நான்கும் இருந்தால்தான் இரவுத் தூக்கம் ஷார்ட் ரெஸ்டாகும் என்று வையுங்கள். மழையில் நனைந்தபடி மரத்தடியில் படுத்தால் அது வெறும் தூக்கம்தான்.

பசியை ஆட்டத்துக்குள் கொண்டுவர நினைத்தால் முதலில் குட்பெர்ரியைக் கவனியுங்கள். முதல் நிலை ஸ்பெல் ஒன்று பத்துப் பழம் தரும், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் உணவு. பஞ்சம் அங்கேயே முடிந்துவிடும். அந்த ஸ்பெல்லுக்குத் தேவையான மிசில்டோ (மரத்தில் வளரும் ஒட்டுண்ணிச் செடி) கொத்து ஒவ்வொரு முறையும் தீர்ந்துபோகும் என்று சொன்னால் போதும், காட்டில் தேடும் வேலை வந்துவிடும்.

எடையைச் சிலர் வெறுப்பார்கள். ஆனால் பயணம் கனக்க வேண்டுமென்றால் இது தேவை. எடைக்கான மாற்று விதிப்படி, சுமை ஸ்ட்ரெங்த் (உடல்பலம்) எண்ணைப்போல் ஐந்து மடங்கு பவுண்டைத் தாண்டினால் வேகம் 10 அடி குறையும். ஸ்ட்ரெங்த் 10 என்றால் 50 பவுண்டு. பத்து நாள் உணவு 20, பத்துத் தீப்பந்தம் 10, சணல் கயிறு 10, நீர் நிறைந்த தோல்பை 5. கவசமும் ஆயுதமும் சேர்வதற்கு முன்பே 45 ஆகிவிட்டது. ஆயிரம் காசு 20 பவுண்டு. புதையல் கிடைத்த மகிழ்ச்சி, எதைப் போட்டுவிட்டுப் போவது என்ற சண்டையாக மாறும். டார்க்விஷனையும் (இருட்டில் பார்க்கும் திறனையும்) விதிப்படி ஆடுங்கள்: முழு இருளில் அது மங்கல் வெளிச்சம் மட்டுமே தரும், கண்ணால் தேடும் பெர்செப்ஷன் சோதனைக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) உண்டு.

நீங்காத காயங்களுக்கு அட்டவணை சேர்ப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரிகள் நான்கு பேர், ஐந்து சுற்று, இருபது தாக்குதல். அட்டவணையைத் தொட வைக்கும் கிரிட்டிகல் ஹிட் (இருபது பக்கப் பகடையில் 20) சராசரியாக ஒன்று விழும். அதாவது ஒவ்வொரு சண்டையிலும் ஒருவர் கண்ணையோ கையையோ இழக்கக்கூடும், அது பெரும்பாலும் முன்னால் நிற்கும் ஃபைட்டராகவே இருக்கும். ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) பூஜ்ஜியமாகும்போது மட்டும் அட்டவணையைத் தொடுங்கள். எதிரிக்கும் உயிர்ப்பயம் இருக்கட்டும். பாதிப் பேர் விழுந்தால் மீதிப் பேர் ஓடட்டும், கெஞ்சட்டும். சரணடைந்த கொள்ளையனை என்ன செய்வது என்று பார்ட்டி வாதாடும் இருபது நிமிடம், எந்தச் சண்டையையும்விட அழுத்தமாக நிற்கும்.

தொடங்கும் முன் எல்லோரிடமும் பேசிவிடுங்கள். சித்திரவதை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, பாலியல் வன்முறை போன்றவற்றில் எது ஆட்டத்துக்குள் வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் மட்டும் நடக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு கேரக்டர் தயாராக இருக்கட்டும், இரண்டாமவர் ஏற்கெனவே ஊரில் பேர் தெரிந்த ஒருவராக இருந்தால் நல்லது. உலகத்தில் ஒரு நல்ல இடத்தைத் தொடாமல் விட்டுவையுங்கள்: விலை ஏற்றாத ரொட்டிக்கடையோ, காசு கேட்காமல் காயம் கட்டும் கிழவியோ. பார்ட்டி அங்கே திரும்பத் திரும்பப் போகும். முதல் மூன்று செஷன் வரை அந்த இடத்துக்கு எதுவும் நேர விடாதீர்கள்.