வடசென்னையில் சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறீர்களா? டயரிலிருந்து பூட்டு வரை

சென்னையில் சைக்கிள் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ஈசிஆர் என்பார்கள். திருவொற்றியூரிலோ கொளத்தூரிலோ இருப்பவர் நகரத்தைக் குறுக்கே தாண்டி அங்கே போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். நமக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு என்று அருமையான ஒரு பாதை இருக்கிறது. கூடவே கன்டெய்னர் லாரியும் உப்புக்காற்றும் இருக்கின்றன. இந்த இரண்டையும் சமாளிக்கத் தெரிந்துவிட்டால் ஈசிஆர் பக்கம் போகவே தோன்றாது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. டயரைப் பார்த்து சைக்கிள் வாங்குங்கள்

கடையில் முதலில் கண்ணில் படுவது வளைந்த ஹேண்டிலும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு பைக்தான். அதன் டயர் பெரும்பாலும் 25 அல்லது 28 மில்லிமீட்டர் அகலம். நல்ல தார்ச்சாலையில் பறக்கும். எண்ணூர் சாலையில் லாரிகள் உழுதுபோட்ட பள்ளத்தில் இறங்கினால் ரிம் அடிபடும், மணிக்கட்டு வலிக்கும். என் சிபாரிசு கிராவல் பைக். அதே வளைந்த ஹேண்டில், ஆனால் 38 முதல் 42 மில்லிமீட்டர் டயர். அவ்வளவு பணம் இல்லையென்றால் நேர் ஹேண்டில் வைத்த ஹைப்ரிட் போதும். அதிலும் 35க்குக் குறையாத டயர் ஏறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். அப்பா காலத்து ஹெர்குலிஸில் இருந்ததே, 28 × 1½ டயர், அதன் அகலம் கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர். இன்றைக்கு கிராவல் என்று விற்பதும் அதே அகலம்தான். பழைய ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர், இப்போதைய 700சி ரிம்முக்கு 622 என்பதால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. ஆனால் பொன்னேரிக்கு அப்பால் ஏதாவது கிராமத்தில் டியூப் போய்விட்டால், உங்கள் ரிம்மின் வால்வு ஓட்டை பெரியதாக இருக்கும்பட்சத்தில், அந்த 28 × 1½ டியூபை 38 டயருக்குள் போட்டு வீடு வந்து சேரலாம். கிராமத்துப் பஞ்சர் கடைகளில் அது இன்னும் தொங்குகிறது.

கியரில் ஒன்றே ஒன்று கவனியுங்கள்: முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல் அல்லது குறைவு, பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல். எதற்கு என்பது மேம்பாலத்தில் தெரியும்.

2. சீட்டும் காற்றும்

சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நீட்டி நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். வடசென்னையில் பாதிப்பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள்.

டயர் காற்று: 65, 70 கிலோ எடை உள்ளவருக்கு 38 டயரில் தார்ச்சாலைக்கு 40, 45 பிஎஸ்ஐ. மண் பாதையில் இறங்கும்போது 35. 28 டயர் என்றால் 75, 80 வைக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் பங்க் ஏர் குழாய் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பொருந்தாது. அதற்கென்று ஒரு சின்ன பித்தளை அடாப்டர் விற்கிறது, வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள்.

3. லாரியோடு வாழ்வது

முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். துறைமுகத்துக்கு லீவு கிடையாது என்றாலும் ஞாயிறு விடியலில் சாலை ஓரளவு காலியாக இருக்கும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட். இதில் சமரசமே கிடையாது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நாற்பது அடி டிரெய்லர் இடதுபுறம் திரும்பும்போது, முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு, நடைபாதை ஓரத்தை உரசியபடி வரும். அந்த நேரம் நீங்கள் லாரிக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவே இருந்தால் ஒதுங்க இடம் இருக்காது. டிரைவருக்கு அந்த இடது பக்கம் கண்ணாடியிலும் சரியாகத் தெரியாது. ஆகவே சிக்னலில் லாரி நின்றால் அதன் இடது பக்கம் நுழைந்து முன்னேறாதீர்கள், பின்னாலேயே நில்லுங்கள். டிரைவரின் முகம் அவர் கண்ணாடியில் உங்களுக்குத் தெரிந்தால் மட்டுமே நீங்களும் அவருக்குத் தெரிவீர்கள்.

சாலையோரம் லாரிகள் வரிசையாக நின்றால், அவற்றை ஒட்டிப் போகாமல் ஒரு கதவு திறக்கும் அளவு இடைவெளி விடுங்கள். கதவு திறக்கும், க்ளீனர் தம்பி குதிப்பார், டிபன் பாத்திரம் கழுவிய தண்ணீர் வரும்.

கொருக்குப்பேட்டை மாதிரி ரயில்வே கேட்டுகளில் தண்டவாளத்தை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் முன் சக்கரம் பள்ளத்தில் சிக்கும். மழை பெய்த அன்று இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

விடியற்காலை நாய்கள் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நாலடி நடங்கள். ஓடாதவனைத் துரத்துவதில் அவற்றுக்குச் சுவாரசியம் இல்லை.

4. முதல் பாதை, காற்றின் திசை

திருவொற்றியூரிலிருந்து மணலி புதுநகர், மீஞ்சூர் வழியாகப் பொன்னேரி. முதல் தடவை மீஞ்சூர் வரை போய்த் திரும்பினால் போதும். அடுத்தது பொன்னேரி. உடம்பு பழகிய பிறகு பழவேற்காடு: ஏரி, மீன் சந்தை, டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் எல்லாம் இருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது.

போகும்போது சுலபமாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டிவிடாதீர்கள். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று தொடங்கிவிடும். தென்கிழக்கிலிருந்து வீசும். நீங்கள் தெற்கே வீடு திரும்பும் நேரம் அது முகத்தில் அடிக்கும். காலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனவர் திரும்பும்போது 16இல் தவழ்வார். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று. அப்போது போகும்போது திணறல், வரும்போது சுகம். எனக்குப் பிடித்தது அதுதான், மழை விட்டிருந்தால்.

முடியவில்லையா? மீஞ்சூர், பொன்னேரி எல்லாமே கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பாதையில் இருக்கும் நிலையங்கள். டிக்கெட் கவுன்டரில் சைக்கிளுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டு கூட்டம் இல்லாத வண்டியில் வந்துவிடலாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். நம் ஊர் வியர்வைக்கு வெறும் தண்ணீர் போதாது. ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் கலந்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வழியில் உப்புப் போட்ட மோர். பொங்கல், வடை எல்லாம் திரும்பி வந்து சாப்பிடுவதற்கு. பாதி வழியில் சாப்பிட்டால் தூக்கம்தான் வரும்.

5. மலை இல்லாத ஊரில் ஏற்றம்

நமக்கு மேம்பாலம்தான் மலை. பெரம்பூர் முரசொலி மாறன் மேம்பாலம், மூலக்கடை மேம்பாலம் இரண்டும் ஞாயிறு விடியலில் பழகத் தோதானவை. சைக்கிளுக்குத் தடை என்று பலகை வைத்திருக்கும் பாலத்தில் மட்டும் ஏறாதீர்கள்.

ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். பாதி ஏறிய பிறகு முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கடகடவென்று குதிக்கும், சில சமயம் கழன்றும் விடும். சீட்டிலேயே உட்கார்ந்து, கையை ஹேண்டிலின் மேல்பகுதியில் தளர்வாக வைத்து, நிமிடத்துக்கு 70, 80 சுற்று வருகிற மாதிரி இலகுவான கியரில் மிதியுங்கள். மூச்சு வாங்கினாலும் ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். உச்சிக்கு இருபது முப்பது அடி இருக்கும்போது எழுந்து நின்று மிதிக்கலாம்.

இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள், உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். பாலத்தின் இணைப்புகளில் இருக்கும் இரும்புப் பட்டை மழையில் வழுக்கும். அதன்மேல் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம்.

ஒரே பாலத்தில் ஐந்தாறு தடவை ஏறி இறங்குவது பார்ப்பவர்களுக்குக் கிறுக்காகத் தெரியும். டீக்கடையில் கேட்பார்கள், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இது பழகியதும் பரங்கிமலை. 300 அடி உயரம்தான், ஆனால் சாலை செங்குத்து. அதற்கும் மேல் ஆசை இருந்தால் ரயிலில் ஜோலார்பேட்டை போய் ஏலகிரி ஏறுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். அங்கேயும் அடிவாரத்து ஊரின் பெயர் பொன்னேரிதான்.

6. மண் பாதை

பொன்னேரியைத் தாண்டியதும் ஆரணியாற்றை ஒட்டியும் ஏரிக்கரைகளிலும் செம்மண் தடங்கள் பிரியும். கிராவல் டயர் இங்கேதான் தன் காசுக்கு வேலை செய்யும். காற்றைக் குறைத்துக்கொண்டு, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், பத்தடி தூரத்தில் பார்வையை வைத்து ஓட்டுங்கள். தளர்ந்த மண்ணில் முன்பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் விழுவது நிச்சயம்.

மழைக்கு மறுநாள் களிமண் தடத்தில் இறங்காதீர்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அடைத்து சக்கரமே சுற்றாது. கடற்கரை மணலுக்கு இந்த டயர் சரிப்படாது. வயல் வரப்பில் போவதென்றால் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதுதான் முறை.

7. பஞ்சர்

நம் பக்கம் பஞ்சருக்கு ஆணியைவிடப் பெரிய காரணம் கம்பி. வெடித்த லாரி டயருக்குள் இருக்கும் எஃகு வலை, மயிரிழை மாதிரி இழை இழையாகப் பிரிந்து சாலையோரம் கிடக்கிறது. டயரில் குத்தினால் வெளியே தலை தெரியாது. தெரியாமல் புது டியூப் போட்டால் அதுவும் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

அதனால் செய்ய வேண்டியது இது. சக்கரத்தைக் கழற்றுமுன், டயரில் இருக்கும் கம்பெனிப் பெயர் வால்வுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டியூபை உருவிக் காற்றடித்து, ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்தால், டயரில் அதே இடத்தில்தான் கம்பி இருக்கும். டியூப் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று தெரியாவிட்டால் வால்வின் இரண்டு பக்கமும் அதே அளவு பாருங்கள். டயரின் உள்பக்கம் விரலை அழுத்தித் தேய்க்க வேண்டாம், கிழிக்கும். கர்ச்சீப்பை உள்ளே வைத்து மெதுவாக இழுங்கள், நூல் மாட்டும் இடத்தில் கம்பி. நகவெட்டியால் பிடித்து இழுத்துவிடலாம். பஞ்சர் கடை அண்ணா ஒருவர் டயருக்குள் கையால் தடவிய உடனே, "இன்னா சார், மூணு கம்பி கீது" என்றார். அந்தத் தேர்ச்சி வரும்வரை நமக்குக் கர்ச்சீப்.

பையில் இருக்க வேண்டியவை: உதிரி டியூப் இரண்டு, டயர் லீவர், ஒட்டும் பேட்ச், சின்ன பம்ப், ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) செட், நகவெட்டி.

8. உப்பு

கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் செயின் ஒரு வாரத்தில் சிவக்கும். பழவேற்காடு போய் வந்த அன்றே ஈரத்துணியால் ஃபிரேமையும் திருகாணிகளையும் துடையுங்கள், உலர விடுங்கள். பிறகு செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய். பத்து நிமிடம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயை மொத்தமாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், மேலே இருந்தால் தூசியும் சாம்பலும் ஒட்டி அரைக்கும். தேங்காய் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் இரண்டும் வேண்டாம்.

9. பூட்டு

சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்கு ஒதுக்குங்கள். மெல்லிய கேபிள் லாக்கும் நம்பர் லாக்கும் ஒரு கட்டிங் பிளேயருக்குத் தாங்காது. யூ வடிவ இரும்புப் பூட்டு வாங்கி, ஃபிரேம், பின்சக்கரம், அசையாத கம்பி மூன்றையும் சேர்த்துப் பூட்டுங்கள். முன்சக்கரத்துக்குத் தனியாகக் கேபிள். நெம்புகோலைத் திருப்பினாலே சக்கரம் கழலும் வகை என்றால், ஆலன் கீ போட்டுத் திருகும் அச்சாக மாற்றிவிடுங்கள்.

குறுகலான மாடிப்படி, ஒண்டுக்குடித்தனம், ஹவுசிங் போர்டு என்று நம் வீடுகளில் இடம் இல்லாதது தெரிந்ததே. படிக்கட்டுக்கு அடியில் விடுவதென்றால் ஜன்னல் கம்பியோடு பூட்டுங்கள், ராத்திரி சீட்டை உருவி மேலே கொண்டுபோங்கள். சீட் இல்லாத சைக்கிளில் ஏறி ஓட்டிப்போக யாருக்கும் தோன்றாது. டீ குடிக்க நிறுத்தினால் கண்ணில் படும் இடத்தில் நிறுத்துங்கள். கடைக்காரரிடம், "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொன்னாலே பாதிப் பாதுகாப்பு.

சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் அச்சு இருக்கும் இடத்தின் அடியில் ஃபிரேம் நம்பர் குத்தியிருக்கும். அதையும் சைக்கிளையும் பில்லையும் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் இவற்றோடு புகார் கொடுத்து புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கையோடு வாங்குங்கள்.

ஸ்ட்ராவா செயலியில் ஓட்டத்தைப் பதிவு செய்பவர்கள், தொடக்க இடமும் முடிவிடமும் வரைபடத்தில் தெரியாமல் மறைக்கும் வசதியை அமைப்புகளில் போய் இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் எந்தத் தெருவில் விலை உயர்ந்த சைக்கிள் தூங்குகிறது என்று நாமே ஊருக்குச் சொன்னதாகும். பழைய சைக்கிள் வாங்குபவர்கள் அதே ஃபிரேம் நம்பரைத் தடவிப் பாருங்கள். ராவியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காமல் வந்துவிடுங்கள்.