ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு ஒத்த சொல் பழக்குவது எப்படி

மொரீஷியஸில் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் பி.எஸ்.ஏ.சி. (ஆரம்பப் பள்ளிச் சாதனைச் சான்றிதழ்) தேர்வுதான் ஏழாம் வகுப்புக்கு வாசல். 2017-இல் பழைய சி.பி.இ. தேர்வு போய் இது வந்தது. தமிழ் அப்போதும் இப்போதும் விருப்பப் பாடம். தமிழ் எடுத்த பிள்ளைக்கு வீட்டில் பேச்சு தீவின் பொதுமொழியான கிரியோல், பாடநூல் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். தமிழ்ச் சொல் காதில் விழுவது தமிழ் வகுப்பிலும் கோவிலிலும்தான். இப்படிப்பட்ட பிள்ளையிடம் ‘சூரியன் = ஞாயிறு = கதிரவன் = பரிதி’ என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னால், மூன்றாம் நாள் வரிசை நினைவிருக்கும், சொல் இருக்காது. வரிசையில் இரண்டாவதைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

முதல் பாடத்துக்கு நோட்டே வேண்டாம். வகுப்புப் பதிவேட்டை எடுங்கள். ஆர்முகம், கந்தசாமி, வலாய்டன், சுப்ரமணியன் என்ற குடும்பப் பெயர்களில் குறைந்தது இரண்டு கட்டாயம் இருக்கும். நாலும் ஒரே முருகன். ஆறு முகம் உள்ளவன் ஒரு பெயர், வேலை ஆயுதமாகக் கொண்டவன் இன்னொரு பெயர் (வேலாயுதன் என்பதுதான் வலாய்டன் ஆயிற்று). காவடி பார்த்த பிள்ளைக்கு இதை விளக்கப் பத்து நிமிடம் போதும். அதே வழியில் கதிர் உடையவன் கதிரவன், பகலைத் தருபவன் பகலவன். மழைக்கு ‘மாரி’ என்று சொல்லும்போது மாரியம்மன் கோவிலை நினைவூட்டுங்கள். பிள்ளை அந்தச் சொல்லை ஏற்கனவே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறது.

பிறகு சொற்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பொருள் தரும் சொற்கள் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது குடும்பம், குடும்பத்துக்கு மூன்று சொல், ஆக 120. அதற்கு மேல் ஆறாம் வகுப்புக்குத் தேவையில்லை. பாடநூலிலும் பழைய வினாத்தாள்களிலும் வந்த சொற்களிலிருந்தே எடுங்கள். மலைக்கு வெற்பு, பொருப்பு என்றெல்லாம் சேர்ப்பது பெரியவர்களின் ஆசைக்கு. பிள்ளைக்கு மலை, குன்று, சிகரம் ஆகியவற்றின் வேறுபாடு தெரிந்தால் அதுவே பெரிது.

ஏ4 தாளை நாலாக வெட்டினால் நாலு அட்டை. முன்பக்கம் பிள்ளைக்குத் தெரிந்த ஒரு சொல்லும் அது வரும் ஒரு சின்ன வாக்கியமும்: ‘காடு. காட்டில் மான் இருக்கிறது.’ பின்பக்கம் அதே வாக்கியம் இன்னொரு சொல்லோடு: ‘வனத்தில் மான் இருக்கிறது.’ சொல்லை மட்டும் எழுதிவிட்டு வாக்கியத்தை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஆனால் பிள்ளை தடுமாறுவது அங்கேதான். வீடு ‘வீட்டில்’ ஆகும், இல்லம் ‘இல்லத்தில்’ ஆகும், மனை ‘மனையில்’ ஆகும். நதி ‘நதியில்’, ஆறு ‘ஆற்றில்’. அதே ஆறு எண்ணாக வந்தால் ‘ஆறில் ஒன்று’. பொருள் தெரிந்தும் ‘இல்லமில்’, ‘வனமில்’ என்று எழுதி மதிப்பெண்ணை விடும் பிள்ளைகள் நிறைய. அதனால் அட்டையில் சொல்லை ‘இல்’, ‘ஐ’ இரண்டும் சேர்த்தே எழுதிப் பழக்குங்கள். ‘அம்’மில் முடிவது எல்லாம் ‘அத்து’ வாங்கும் என்று ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் இல்லம், வனம், சமுத்திரம், ஆகாயம் எல்லாம் ஒரே வீச்சில் சரியாகிவிடும்.

அட்டைகளைப் பொருள்வாரியாக அடுக்குங்கள்: வானம், நீர், விலங்கு, மரம், வீடு, மனம். நிகண்டு என்னும் பழைய சொற்பொருள் நூல்களைச் செய்தவர்கள் கண்ட வழி இது. சூடாமணி நிகண்டின் 12 தொகுதிகளில் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று வகை பிரித்திருக்கும். ஒரே சொல்லுக்குப் பல பொருள் வருவதற்குப் பதினொன்றாம் தொகுதியைத் தனியாக வைத்திருக்கிறார்கள். நீங்களும் தனியாக வையுங்கள். ஞாயிறு, திங்கள், மதி, ஆறு, மாலை ஆகிய ஐந்தும் வேறு நிறத் தாளில். கலந்து வைத்தால் ‘திங்கள் உதித்தது’ என்பதைப் படித்து, வாரம் தொடங்கிவிட்டது என்று பிள்ளை நினைக்கும்.

இனி பெரிய சிக்கலுக்கு வருவோம். கிரியோல் பொருளை அட்டையில் எழுதாதீர்கள். உதவி போலத் தோன்றும், உண்மையில் அதுதான் தவறான இணைகளை உண்டாக்குகிறது. ‘கொந்தான்’ என்ற ஒரு சொல் கிரியோலில் மகிழ்ச்சிக்கும் வரும், விருப்பத்துக்கும் வரும், அன்புக்கும் வரும். அதை நடுவில் வைத்தால் மகிழ்ச்சி, ஆசை, நேசம் மூன்றும் ஒத்த சொல் என்று பிள்ளை முடிவு கட்டும். தமிழில் அவை மூன்று வேறு குடும்பங்கள்: மகிழ்ச்சி, உவகை, களிப்பு; விருப்பம், ஆசை, நாட்டம்; அன்பு, நேசம், பாசம். ‘க்ரான்’ என்பதும் அப்படித்தான், பெரிய, உயரமான, மூத்த எல்லாவற்றையும் விழுங்கும். ‘ஃபேய்’ என்றால் எந்த இலையும். தமிழில் கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை, நெல்லுக்குத் தாள், மாமரத்துக்கு இலை. சுற்றிலும் கரும்புத் தோட்டம் உள்ள தீவில் தோகையைக் கற்றுக்கொடுக்க வேறு படம் வேண்டியதில்லை, பஸ் ஜன்னல் போதும்.

இந்தப் பொறியைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை: இரண்டு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் மாற்றிப் போட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ‘காற்று வீசியது’ என்பதில் காற்றை எடுத்துப் புயலை வைத்தால் வாக்கியம் நிற்கும், ஆனால் ஊரே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்! தென்றலை வைத்தால் வேறு காட்சி. பொருள் மாறினால் அது ஒத்த சொல் ஆகாது, உறவுச் சொல். அரும்பு, மொட்டு, மலர், வீ (உதிர்ந்த பூ) ஆகியவையும் உறவுச் சொற்களே, பூவின் வளர்ச்சிப் படிகள். இவற்றைத் தனி அட்டையில் முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை வரிசையாக எழுதுங்கள்.

எழுத்துப் பிழைக்குச் சொல்வதெழுதுதல் ஒன்றே வழி. ல, ள, ழ மூன்றும் பல பிள்ளைகளின் வாயில் ஒன்றாகவே வரும். மலையும் மழையும் குழம்புவது தெரிந்ததே. களிப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கழிப்பு’ என்று எழுதினால் மகிழ்ச்சி கழிப்பறைக்குப் போய்விடும். பிள்ளைகள் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு மறக்க மாட்டார்கள்.

நேரம்: திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒரு குடும்பம், பதினைந்து நிமிடம், லெசோனுக்கு (டியூஷனுக்கு) போவதற்கு முன். சனிக்கிழமை கலந்து கேட்பது. பத்து வாரத்தில் நாற்பது முடியும். ஒரு செருப்புப் பெட்டியை அட்டை வைத்து மூன்று அறையாகத் தடுங்கள். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவது வாரம் ஒரு முறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு, தவறியது எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே. பார்த்துப் படிப்பது கணக்கில்லை. அட்டையைத் திருப்புவதற்கு முன் பிள்ளை எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கலைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் மூன்றாவது அட்டை என்றால் ‘ஆழி’ என்று பிள்ளை வரிசையை அடையாளம் வைத்துக்கொள்ளும்.

தெரிவுகள் கொடுத்துக் கேட்கும் கேள்வியில் எதிர்ச்சொல் ஒன்றும் இருந்தால் பிள்ளைகள் அதற்கே போவார்கள். ‘இன்பம்’ என்றதும் ‘துன்பம்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும், சிறு வயதிலிருந்து அப்படித்தானே கேட்டோம். கேள்வியைப் படித்தவுடன் தெரிவுகளைக் கையால் மறைத்து, தன் விடையை ஓரத்தில் எழுதிவிட்டுப் பிறகு பார்க்கப் பழக்குங்கள். கட்டுரையில் ஒரே சூரியனை முதல் வரியில் ஞாயிறு, மூன்றாம் வரியில் பரிதி, முடிவில் ஆதவன் என்று எழுதினால் மூன்று பேர் வந்துபோனது போல இருக்கும். ஒரு கட்டுரைக்கு ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் போதும்.

கடைசிப் பத்து நாளில் புதுச் சொல் எதுவும் சேர்க்க வேண்டாம். முதல் அறையில் இன்னும் கிடக்கும் அட்டைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிள்ளையே புது வாக்கியம் எழுதட்டும். அதிலும் ஒட்டாத நாலைந்து அட்டைகளைக் கிழித்துப் போடுங்கள்.