கிளட்ச் மாற்றிய பிறகு வண்டி உதறுகிறதா? கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் முன்

கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டி நிற்கும்போதுதான் நிறைய பேருக்குத் தெரியவருகிறது. கூட்ஸ் ரயில் ஊர்ந்துகொண்டிருக்கும். வண்டி நியூட்ரலில் நிற்கும். உள்கண்ணாடியில் பின்னால் நிற்கிற ஆட்டோ ரெண்டு ஆட்டோவாகத் தெரியும். "போன வாரம்தான் கிளட்ச் செட் மாத்தினேன் அண்ணா, அதுக்கு முன்னாடி இப்படி இல்லவே இல்ல" என்று அங்கிருந்தே போன் வரும்.

தண்டையார்பேட்டையில் ஷெட் வைத்திருக்கிறேன். இப்படி வரும் வண்டிகளில் பலவற்றில் கிளட்ச் நன்றாகத்தான் இருக்கும். கிளட்சைத் தொடுவதற்காகக் கழற்றிய வேறு ஏதோ ஒன்றுதான் சரியாக உட்கார்ந்திருக்காது. முன் சக்கர டிரைவ் வண்டியில் கிளட்ச் மாற்ற பெரும்பாலும் பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி, ஆக்ஸில்கள், மவுண்ட் (இன்ஜினை பாடியோடு தாங்கிப் பிடிக்கிற ரப்பர்) எல்லாவற்றையும் கழற்றித்தான் கியர்பாக்ஸை இறக்க முடியும். அதனால் முதலில் கேட்க வேண்டியது "எங்கே உதறுது" என்று இல்லை, "எப்போ உதறுது" என்று.

வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்சில் கால் வேண்டாம். ஐடிலிங்கில் உள்ளங்கையை டேஷ்போர்டில் வைத்துப் பாருங்கள். அப்புறம் மெதுவாக 1500, 2000, 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) என்று ரேஸ் கொடுங்கள். ஐடிலிங்கில் மட்டும் உதறி, ரேஸ் கொடுத்ததும் அடங்கினால் மவுண்ட் அல்லது மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காதது), ரெண்டில் ஒன்று. ரேஸ் ஏற ஏற நடுக்கமும் ஏறினால் ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்), பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அதன்மேல் அழுத்திப் பிடிப்பது) பக்கம் சந்தேகப்படலாம். சுழல்வதில் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் வேகம் இரண்டு மடங்காகும்போது உதறும் விசை நான்கு மடங்காகும். அதனால் ஐடிலிங்கில் தெரியாதது 3000-ல் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டும்.

இப்போது அதே ரேஸில் கிளட்சை முழுக்க மிதியுங்கள். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கிளட்சை மிதித்தால் மொத்த கிளட்சும் விலகிவிடும் என்று நினைக்கிறார்கள். பிரஷர் பிளேட் ஃப்ளைவீலோடு போல்ட் போட்டுப் பிணைத்தது, இன்ஜின் ஓடும்வரை அதுவும் சுற்றும். மிதிக்கும்போது விலகுவது நடுவில் இருக்கிற கிளட்ச் பிளேட்டும் அதோடு சேர்ந்த கியர்பாக்ஸ் ஷாஃப்டும்தான். மிதித்ததும் நடுக்கம் குறைந்தால் அந்த ரெண்டில் ஒன்று. மிதித்தாலும் மாறவில்லை என்றால் அவற்றை விட்டுவிடலாம். மிதிக்கும்போதுதான் புதுசாக உறுமல் கேட்கிறதென்றால், மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங்.

மவுண்ட் விஷயத்தில் நானே ஒருமுறை அசிங்கப்பட்டிருக்கிறேன். பழைய பெட்ரோல் கார், கிளட்ச் போட்டு அனுப்பிவிட்டேன், மறுநாளே திரும்பி வந்தது. பிரஷர் பிளேட்தான் மட்டம் என்று பில்லைத் தூக்கிக்கொண்டு ஸ்பேர் கடைக்குப் போகக் கிளம்பிவிட்டேன். எங்கள் பையன் டார்ச் அடித்துவிட்டு, "அண்ணா, கீழ் மவுண்ட் ரப்பரைப் பாருங்க" என்றான். ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி இரும்போடு ஒட்டியிருந்தது, மறுபக்கம் என் சுண்டு விரல் நுழைந்தது. இன்ஜின் ஜாக்கியில் கோணலாகத் தொங்கும்போதே கீழ் போல்ட்டை நான் முறுக்கிவிட்டேன். ரப்பர் அதிர்வை வாங்காமல் நேராக பாடிக்குக் கடத்திக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்ய ஸ்பேர் செலவே கிடையாது. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். பலகை வைத்து இன்ஜினுக்கு ஜாக்கி முட்டுக் கொடுங்கள், பலகை இல்லாமல் ஆயில் சம்ப்பில் வைத்தால் அது உள்வாங்கிவிடும். மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்றாமல் தளர்த்தி மட்டும் விட்டு, இன்ஜினை முன்னும் பின்னும் ரெண்டு மூன்று தடவை ஆட்டுங்கள். அது தன் இடத்தில் உட்கார்ந்ததும், கம்பெனி சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முறுக்குங்கள். அப்படியே சைலன்சர் பைப்பும் அதன் தகடும் கிராஸ் மெம்பரில் (அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டத்தில்) எங்காவது உரசிப் பளபளப்பாகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தப் பளபளப்பு இருந்தால் அதிர்வு அந்த வழியாகவும் உள்ளே வருகிறது.

மிஸ்ஸிங்கை உடம்பே சொல்லும். 750 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 25 தடவை வெடிக்கிறது. ஒரு சிலிண்டர் செத்தால் நொடிக்கு ஆறு தடவை ஓட்டை விழும், சீட்டில் தட்டுத் தட்டாகத் தெரியும். கழன்ற வேக்யூம் ஹோஸ், முழுக்க உட்காராத ஒயர் கப்ளர், கியர்பாக்ஸ் போல்ட்டில் திரும்ப மாட்ட மறந்த எர்த் ஒயர், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். கிடைக்கவில்லையா, ஐடிலிங்கில் இன்ஜெக்டர் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான். பேட்டரி கழற்றிய வண்டியில் ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

நிற்கும்போது ஒன்றுமில்லை, முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் உதறுகிறது என்றால் வேறு கதை. பிளேட்டில் கிரீஸ் கை பட்டிருக்கலாம், ஃப்ளைவீலில் சூட்டுத் தழும்பு இருக்கலாம். புது பிளேட் என்றால் முதல் சில நூறு கிலோமீட்டர் லேசாக உதறிவிட்டு அடங்குவதும் உண்டு. அதுவரை அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள்.

ஓட்டிப் பார்க்க எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போய்விடாதீர்கள். கண்டெய்னர் டிரைலர் பக்கத்தில் போனால் நல்ல வண்டியும் நடுங்கும். சமமான, காலியான தெரு போதும். ஓடும்போது கிளட்சை மிதித்து ஆர்பிஎம்மை இறக்குங்கள். நடுக்கம் வண்டி வேகத்தோடேயே தொடர்ந்தால் சக்கரம், ஆக்ஸில் பக்கம் போங்கள்.

இதெல்லாம் பார்த்தும் ரேஸோடு ஏறுகிற நடுக்கம் போகவில்லை, கிளட்சை மிதித்தாலும் மாறவில்லை என்றால், சரி, கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான். பிரஷர் பிளேட் டவல் பின்னில் (அதைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் சின்ன முளையில்) முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளைவீலைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் செய்திருந்தால் (முகத்தைச் சீவியிருந்தால்), அது கிராங்கோடு சேரும் முகத்தில் துருவோ மணலோ மாட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள், டயல் கேஜ் வைத்து ஆட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய செட்டைக் கேட்டு வாங்கி, புதுசின் பக்கத்தில் வைத்து விட்டத்தை அளந்து, நடு ஓட்டையில் ஷாஃப்ட் மாட்டுகிற ஸ்பிளைன் பல்லை எண்ணுங்கள். ஆனால் அதற்குள் அது காயலான் கடைக்குப் போயிருக்கும், அதனால் முதல் நாளே டிக்கியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.