கென்வுட் டிஎஸ்-520எஸ்: ஃபைனல் வால்வுகளைச் சுடாமல் டியூன் செய்வது எப்படி

1970-களில் வந்த இந்த ஹாம் ரிக்கில், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் கருவியில், வால்வு (வெற்றிடக் குழாய்) மூன்றுதான். ஃபைனலைத் தூண்டும் டிரைவராக ஒரு 12பிஒய்7ஏ, ஆன்டெனாவுக்குச் சக்தி தரும் கடைசிக் கட்டமான ஃபைனலில் இரண்டு எஸ்2001ஏ. மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர் என்பதால் வால்வைச் சூடேற்றும் ஹீட்டர் சுவிட்சை அணைத்து வைத்தாலும் ரிசீவர் நன்றாகவே கேட்கும். வெறுமனே கேட்கும்போது அப்படியே வையுங்கள், வால்வு ஆயுள் மிஞ்சும். 160 முதல் 10 மீட்டர் வரையுள்ள அலைநீளப் பேண்டுகளில் எஸ்எஸ்பி (பேச்சு), சிடபிள்யூ (மோர்ஸ்) இரண்டும் உண்டு. 30, 17, 12 மீட்டர் கிடையாது, அவை 1979 உலக மாநாட்டில்தான் அமெச்சூர்களுக்குக் கிடைத்தன.

பல வருஷம் சும்மா கிடந்த ரிக் என்றால் நேராக மின்சாரம் கொடுக்காதீர்கள். பழைய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை முதலில் சோதித்து, சந்தேகமானதை மாற்றிவிடுங்கள். மூடியைத் திறக்கிறவர்கள் கவனம்: ஃபைனல் வால்வின் பிளேட்டுக்கு (நேர்மின் முனைக்கு) போவது ஏறக்குறைய 800 வோல்ட், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும்.

சரி, டியூனிங். ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடை (சக்தியை வெப்பமாக விழுங்கும் மின்தடையை) மாட்டுங்கள், ஹீட்டரைப் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் சூடாக விடுங்கள். மீட்டரை ஐபி (பிளேட் மின்னோட்டம்) நிலையில் வைத்து, யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை) மோடில் மைக் கெயினை முழுக்கக் குறைத்துவிட்டு சென்ட் (அனுப்பும் நிலை) கொடுத்தால் 60 மில்லிஆம்பியர் காட்ட வேண்டும், இல்லையென்றால் இந்த மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயாஸ் குமிழைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். அப்புறம் மோடை டியூனுக்கு மாற்றி, மீட்டரை ஏஎல்சியில் (தானியங்கி அளவுக் கட்டுப்பாடு) வைத்து, டிரைவ் குமிழால் முள்ளை உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இனிதான் முக்கியம். மீட்டரை மறுபடி ஐபிக்கு மாற்றி பிளேட் குமிழை மெதுவாகத் திருப்பினால் ஒரு இடத்தில் முள் சட்டென்று பள்ளத்தில் விழும். அதுதான் ரெசனன்ஸ் (ஒத்ததிர்வு). அந்த இடம் தப்பினால் மின்னோட்டம் எகிறி, அவ்வளவும் வால்வுக்குள் வெப்பமாகவே போகும், அதனால்தான் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அனுப்பும் நிலையில் வைக்கக் கூடாது, நடுவில் ஆறவிட்டு மறுபடி தொடருங்கள். பள்ளம் கிடைத்ததும் மீட்டரை ஆர்எஃப்புக்கு (வெளியேறும் சக்தி) மாற்றி, லோடு குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பிளேட் குமிழைத் திருத்துங்கள், மறுபடி லோடு. முள் இதற்கு மேல் ஏறாது என்கிற இடத்தில் நிறுத்துங்கள். கடைசியாக சிடபிள்யூவுக்கு மாற்றி முழு சக்தியில் ஒருமுறை சின்னதாகத் திருத்தினால் போதும்.

பேண்டை மாற்றினால் டிரைவ், பிளேட், லோடு ஆகிய மூன்று குமிழையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும், ஒரே பேண்டுக்குள் கணிசமாக நகர்ந்தாலும் அப்படித்தான். எஸ்2001ஏ கிடைக்காமல் 6146பி வால்வு போடுகிறவர்கள் நியூட்ரலைசேஷனை (வால்வு தானாகவே அலைவுறாமல் தடுக்கும் சரிசெய்தலை) திரும்பச் செய்யாமல் முழு சக்திக்குப் போகாதீர்கள்.